தொழில்முறை உதைபந்தாட்டத்தின் இன்றைய நிலை: மேலே சேரும் பணம் நம் மைதானங்களுக்கு ஏன் வருவதில்லை?

கரையோரத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த வாரம் எங்கள் ஊர் வாசிகசாலையில், தொழில்முறை உதைபந்தாட்டம் முன்னெப்போதையும் விட நன்றாக இருக்கிறதா அல்லது கெட்டுப்போய்விட்டதா என்ற பேச்சு எழுந்து, இரண்டு மணித்தியாலம் கழிந்தும் முடிவு எட்டப்படவில்லை. அங்கே சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

1994 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நான் பார்க்கவில்லை, கேட்டேன். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் எடுத்தோம். நடுச்சாமம் தாண்டி ரொபேர்ட்டோ பாஜியோவின் தண்ட உதை கம்பத்துக்கு மேலே போனதை அறிந்தபோது, சுற்றிக்கொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது, வானொலியும் நின்றுவிட்டது. இன்று சனிக்கிழமை இரவு எட்டரைக்கு இங்கிலாந்து ஆட்டத்தையும், விடியப்புறம் ஒன்றரைக்கு ஐரோப்பியச் சம்பியன்ஸ் லீக்கையும் கைபேசியிலேயே பார்க்கிறோம். இந்த வசதிக்கு நான் எதிரானவன் அல்லன்.

என்னுடைய மனத்தாங்கல் வேறு. 2025இல் அமெரிக்காவில் கழகங்களுக்கான உலகக் கிண்ணத்தை 32 அணிகளுடன் 63 ஆட்டங்களாக நடத்தினார்கள். 2026 உலகக் கிண்ணத்துக்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள். சம்பியன்ஸ் லீக்கில் 36 அணிகள், முதற்கட்டத்திலேயே ஒவ்வோர் அணிக்கும் எட்டு ஆட்டங்கள். வீரர்கள் வேலைநிறுத்தத்தின் விளிம்பில் நிற்கிறார்கள் என்று மன்செஸ்டர் சிட்டியின் ரொட்றி 2024 செப்டெம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். சொல்லிச் சில நாட்களிலேயே அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. ஒரு விபத்தை வைத்து முழுக் காரணமும் சொல்ல முடியாதுதான். ஆனால் ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்கும் அந்த ஆட்டத்தை ஆடுகிறவர்களுக்கும் இடையில் தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர்க் கழகத்தில் பந்து வாங்குவதென்றாலும் கூட்டம் கூடி, வலை இழுப்பவர் முதல் வாத்தியார் வரை கருத்துச் சொல்லித்தான் வாங்குகிறோம். நியூகாசில் கழகம் 2021இல் சவூதி அரசின் முதலீட்டு நிதியத்தின் கைக்குப் போனது. பரிஸ் நகரக் கழகம் 2011இலேயே கட்டார் அரசின் கைக்குப் போய்விட்டது. கழகம் ஊருக்குச் சொந்தம் என்ற எண்ணம் தொழில்முறை ஆட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறதா? இதற்கு விடை தெரிந்தால் மற்றக் கேள்விகளுக்கும் விடை தெரியும் என்பது என் எண்ணம்.

நாவாந்துறை இளையவன் எழுதியது:

ஐயா, மதிப்போடு மறுக்கிறேன். எனக்கு 23 வயது. சைக்கிள் டைனமோ கதையை என் தந்தையாரும் சொல்லியிருக்கிறார், அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் ஆட்டம் என்று எடுத்துக்கொண்டால், இன்றைய தரத்துக்கு அன்றைய ஆட்டம் கிட்டவும் நிற்க முடியாது. கோல் காப்பாளர் காலால் ஆட்டத்தைத் தொடங்குகிறார். பந்தை இழந்த ஐந்தாவது நொடியில் ஆறு பேர் சேர்ந்து அதை மீட்கிறார்கள். ஓரப் பின்கள வீரர் நடுக்களத்துக்குள் வந்து நிற்கிறார். இவையெல்லாம் பணம் கொண்டுவந்த பயிற்சியின் விளைவுகள். நான் பின்களத்தில் ஆடக் கற்றது கைபேசியில் இவர்களைப் பார்த்துத்தான், ஊரில் எனக்கு அதைச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை.

கழகம் அரசனுக்குச் சொந்தமா, ஊருக்குச் சொந்தமா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. மாதம் முடிந்தால் வீரனுக்குச் சம்பளம் கிடைக்கிறதா என்பதே முதற் கேள்வி. ஊருக்குச் சொந்தமான கழகத்துக்குப் பத்து ஆண்டுகள் ஆடினேன், ஒரு வெற்றிக் கிண்ணத்துடன் நின்று எடுத்த படம்தான் என்னிடம் இருக்கிறது.

வலிகாமத்து நடுவர் எழுதியது:

பல ஆண்டுகளாக விசில் ஊதுகிறேன். நடுவரின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன், அது கரையோரத்தான் அண்ணாவின் கேள்வியோடு வந்து சேரும்.

காணொளியைத் திரும்பப் பார்த்து முடிவைச் சரிபார்க்கும் காணொளி நடுவர் முறையை 2018 உலகக் கிண்ணத்தில் கொண்டுவந்தார்கள், 2019–20 பருவத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கிலும் கொண்டுவந்தார்கள். தவறு குறையும் என்று நானும் அன்று மகிழ்ந்தேன். தவறு சில இடங்களில் குறைந்தது உண்மை. ஆனால் கோல் விழுந்தவுடன் அரங்கம் எழுந்து கத்துவதற்கு முன்னால் கோடு கீறிப் பார்க்கும்வரை காத்திருக்கப் பழகிவிட்டது. கோலின் மகிழ்ச்சி இரண்டாக உடைந்துவிட்டது. மைதானத்தில் நிற்கிற நடுவரும் காதில் வரும் குரலுக்காகக் காத்திருப்பவராக மாறிவிட்டார். நம் லீக் ஆட்டங்களில் எனக்கு உதவிக்கு இருப்பது இரண்டு கொடிகளும் என் கண்களும் மட்டுமே. தவறு விட்டால், ஆட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கப் போகும் வழியில் அந்த ஊர்ப் பெரியவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார். அந்தக் கேள்விக்கு முகம் கொடுப்பதும் நடுவர் தொழிலின் ஒரு பகுதி என்று நான் நம்புகிறேன்.

ஐரோப்பாவின் பெரிய லீக்குகளிடையே இந்த முறையை ஏற்க மறுத்து நிற்கும் நாடு சுவீடன். காரணம் தொழில்நுட்ப வெறுப்பு அன்று. அங்கே கழகத்தின் வாக்குகளில் குறைந்தது 51 விழுக்காடு உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. உறுப்பினர்கள் தத்தம் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்து வேண்டாம் என்று வாக்களித்தார்கள், கழகங்கள் அதை மீற முடியவில்லை. முடிவு சரியா பிழையா என்பது வேறு விடயம். மூன்று நாள் மழையில் நனைந்து ஆட்டம் பார்த்தவன் கையைத் தூக்கியதால் ஒரு நாட்டின் லீக் வேறு வழியில் போனது. இங்கிலாந்தில் அப்படி ஒரு கூட்டத்துக்கே யாரும் அழைக்கப்படவில்லை.

கிழக்கு லண்டன் வாசி எழுதியது:

அழைக்கப்படவில்லை என்பது உண்மைதான், நடுவர் ஐயா. ஆனால் அழையாமலேயே எழுந்து நின்ற நாட்களும் உண்டு. 2016 பெப்ரவரியில் லிவர்பூல் கழகம் ஒரு வகை நுழைவுச்சீட்டை 77 பவுணாக உயர்த்தப்போவதாக அறிவித்தது. சண்டர்லாந்துடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் இரண்டுக்குப் பூச்சியம் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. சில நாட்களில் விலையுயர்வு கைவிடப்பட்டது. ஜேர்மனியில் 2024இன் தொடக்கத்தில், லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் வெளி முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து, இரசிகர்கள் வாரக்கணக்கில் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். பெப்ரவரி முடியுமுன் லீக் அத்திட்டத்தைக் கைவிட்டது. 2021 ஏப்ரலில் பன்னிரண்டு பெரிய கழகங்கள் தனி லீக் அமைக்கப் புறப்பட்டு, இரண்டு நாளுக்குள் இங்கிலாந்தின் ஆறு கழகங்களும் பின்வாங்கியதும் இப்படித்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1885இல் தொடங்கப்பட்ட பெரி என்ற கழகம், 2019 ஓகஸ்டில் உரிமையாளரால் கடனைத் தீர்க்க முடியாத நிலையில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. பிரீமியர் லீக் 2025 முதல் நான்கு ஆண்டுகளுக்கு உள்நாட்டு ஒளிபரப்பு உரிமையை மட்டும் 6.7 பில்லியன் பவுணுக்கு விற்றிருக்கும் அதே நாட்டில், மன்செஸ்டரிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ஓர் ஊருக்கு 134 ஆண்டுப் பழமையான கழகம் இல்லாமற் போனது. இதற்குப் பிறகுதான் அரசாங்கம் விழித்து, 2025இல் உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டம் கொண்டுவந்து, சுயாதீன ஒழுங்குபடுத்துநர் ஒருவரை அமர்த்தியது. ஆட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் தம்பி, பெரி ஊர்ச் சிறுவனிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

நாவாந்துறை இளையவன் எழுதியது:

அண்ணா, பெரி ஊர்ச் சிறுவனுக்கு வேறு கழகம் இருக்கிறது. பயிற்றுவிப்பாளர் இருக்கிறார், புல் இருக்கிறது. இலங்கையின் நிலையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 2021இல் சுப்பர் லீக் என்று தொடங்கினார்கள், பத்துக் கழகங்கள். வட மாகாணத்திலிருந்து ஒன்றுகூட இல்லை, கிழக்கிலிருந்தும் இல்லை. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா நம் நாட்டுச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, அந்தத் தடையை ஓகஸ்டு இறுதியில்தான் நீக்கியது. என் வயது ஆட்டக்காரன் ஒருவனுக்கு 21 வயதில் ஏழு மாதம் போனால் அது திரும்பி வராது.

சம்பளம் நிரந்தரமாக வேண்டுமென்றால் முப்படைக் கழகங்கள் அல்லது பொலிஸ் கழகம். அங்கே ஆடுவதென்றால் அந்தச் சீருடையை அணிய வேண்டும். எங்கள் வீடுகளில் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற வழி கொழும்புக் கழகங்கள். நான் ஒன்றுக்குப் போனேன், பெயரைச் சொல்ல விரும்பவில்லை. தங்குமிடமும் மாதப் பணமும் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு மாதம் ஒரு கடையின் மேல்மாடியில் ஏழு பேருடன் படுத்தேன். மூன்றாம் மாதம் பயணச் செலவுக்கு வீட்டிலிருந்து காசு வந்தது. ஒப்பந்தம் என்று ஒரு தாளைக்கூட நான் கையொப்பமிட்டதில்லை, ஆகவே கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. திரும்பி வந்து இப்போது தளபாடக் கடையில் வேலை செய்கிறேன்.

ஒஸ்லோ வாசி எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். உங்களுக்கு நடந்தது பெரிய அநியாயம். ஒரு தாளாவது கேட்டிருக்கலாமே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வயதில் நானும் கேட்டிருக்க மாட்டேன்.

நான் வாழும் நாட்டிலிருந்து ஒரு கதை சொல்கிறேன். போடோ என்பது ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிற ஒரு மீன்பிடி நகரம். அதன் மக்கள்தொகை யாழ்ப்பாண மாநகரத்தை விடக் குறைவு. போடோ கிளிம்ற் என்ற அந்நகரக் கழகம் 2021 ஒக்டோபரில் உரோமாபுரிக் கழகத்தை ஆறுக்கு ஒன்று என்று வென்றது. 2025இல் இத்தாலியின் லாசியோ கழகத்தை வெளியேற்றி, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கழகப் போட்டியான யூரோப்பா லீக்கின் அரையிறுதிக்குப் போனது. நோர்வேக் கழகம் ஒன்று அந்த இடத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. அந்தக் கழகம் எந்த அரசனுக்கும் சொந்தமன்று. நோர்வேயில் கழகம் என்றால் உறுப்பினர் சங்கம். செயற்கைப் புல், உள்ளூர்ப் பிள்ளைகள், பல ஆண்டுகள் மாறாத ஒரு விளையாட்டு முறை, வெற்றி பெற்றபின் வீரர்களை விற்று அந்தப் பணத்தை மீண்டும் பயிற்சியில் போடுவது ஆகியவற்றால்தான் அவர்கள் வளர்ந்தார்கள்.

இங்கே என் மகளை ஆறு வயதில் பக்கத்துக் கழகத்தில் சேர்த்தேன். சேர்த்த அன்றே அவளுடைய பெயர், பிறந்த திகதி, உறுப்பினர் இலக்கம் எல்லாம் பதிவாகிவிட்டன. 13 வயது வரும்வரை தேசியப் போட்டி கிடையாது, எல்லாப் பிள்ளைக்கும் ஆட இடம் உண்டு. பெற்றோர் முறை வைத்து வலை கட்டுகிறோம், உணவு விற்கிறோம், வாகனம் ஓட்டுகிறோம். நம் ஊர்க் கழகங்களில் நான் கண்ட அதே கூட்டு உழைப்புத்தான் இது. வேறுபாடு ஒன்றே, இங்கே எழுதி வைக்கிறார்கள்.

இந்தப் பழக்கத்தில் வளர்ந்த நம் பிள்ளைகள்தான் இப்போது இலங்கைத் தேசிய அணிக்கு ஆடுகிறார்கள். சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன், ஜேர்மனியில் வளர்ந்த குளோடியோ கம்மர்க்னெக்ற் போன்றவர்கள் வந்தபின்புதான், 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அவர்களின் மண்ணிலேயே தண்ட உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்குப் போக முடிந்தது. அன்றைக்கு நானும் கத்தினேன். ஆனால் அந்த அணியில் யாழ்ப்பாண மைதானத்தில் பந்து உதைத்து வளர்ந்த ஒரு பெயரையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டேன்.

வடமராட்சியான் எழுதியது:

எழுதி வைப்பதால் சம்பளம் வராது. புலம்பெயர் உறவுகள் முதலிட்டால், இந்தியாவில் செய்தது போல, நகரப் பெயர்களில் அணிகளை ஏலம் விட்டு ஒரு லீக் நடத்தலாம். 2018இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் தொடங்கியபோது மக்கள் எவ்வளவு ஆர்வமாக வந்தார்கள் என்பதைக் கண்டவன் நான். அதை ஏன் மீண்டும் பெரிதாகச் செய்யக்கூடாது?

கணக்கேடு எழுதியது:

வடமராட்சியான் அண்ணாவின் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் இந்திய உதாரணத்தை முழுவதுமாகப் பார்க்க வேண்டும். இந்தியன் சுப்பர் லீக் 2014இல் தொடங்கியது. அது நின்றதெல்லாம், சம்மேளனத்துக்கும் ஒரு நிறுவனத்துக்கும் இடையில் 2010இல் எழுதப்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தத்தின் மேல். அது 2025 டிசெம்பரில் முடிய இருந்தது. புதுப்பிக்கப்படாத நிலையில், 2025 ஜூலையில் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்படுவதாக அறிவித்தார்கள். ஓகஸ்டில் பெங்களூரு கழகம் முதலணி வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. இரண்டு முறை வாகை சூடிய சென்னைக் கழகமும் தன் செயற்பாடுகளை இடைநிறுத்தியது. ஒரே ஒப்பந்தத்தின் மேல் கட்டிய வீடு, அந்த ஒப்பந்தம் முடியும் ஆண்டில் ஆடத்தானே செய்யும்.

நான் ஒரு கழகத்தின் பொருளாளராக இருந்தவன், கணக்கு எழுதுவது என் தொழில். ஆகவே இந்த இழையில் யாரும் தொடாத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். தலைப்பில் இருக்கிற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பீபாவின் விதிப்படி, ஒரு தொழில்முறை வீரர் ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்குப் பணத்துக்கு மாறினால், அந்தப் பணத்தில் ஐந்து விழுக்காட்டை, அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 விழுக்காடு. கூட்டிப் பாருங்கள், சரியாக ஐந்து வரும். நெய்மார் 2017இல் 222 மில்லியன் யூரோவுக்குப் பரிஸுக்குப் போனபோது, அவரைச் சிறுவயதில் வளர்த்த பிரேசிலின் சன்டோஸ் கழகத்துக்கும் இந்த விதியின் கீழ் உரித்து இருந்தது.

நம் ஊருக்கு வருவோம். 12 வயதில் நம் கழகத்தில் சேர்ந்து 18 வயது வரை ஆடிய ஒரு பிள்ளை, பிற்காலத்தில் எங்கோ பத்து இலட்சம் யூரோவுக்கு மாறுகிறான் என்று வையுங்கள். முதல் நான்கு ஆண்டுக்கு ஒரு விழுக்காடு, அடுத்த மூன்று ஆண்டுக்கு ஒன்றரை, மொத்தம் இரண்டரை விழுக்காடு, அதாவது 25,000 யூரோ. இன்றைய மதிப்பில் எண்பது இலட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு கிராமக் கழகம் மைதானத்தைச் சமப்படுத்தி, வேலி அடைத்து, கிணற்றுக்கு மோட்டார் போட்டு, இரண்டு பயிற்றுவிப்பாளருக்குப் பல ஆண்டுகள் சம்பளம் கொடுக்கலாம். அந்த வீரர் மீண்டும் மாறினால் மீண்டும் வரும். இந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதற்கென்றே பீபா 2022 நவம்பரில் ஒரு தீர்வகத்தைத் தொடங்கியது.

ஆனால் தீர்வகம் நம்மைத் தேடி வராது. அது பார்ப்பது வீரரின் பதிவுச் சரித்திரத்தை மட்டுமே: எந்த ஆண்டு, எந்தக் கழகத்தின் பெயரில், தேசியச் சம்மேளனத்தில் அவர் பதியப்பட்டிருந்தார். பதிவு இல்லாத ஆண்டு நடக்காத ஆண்டுக்குச் சமம். நம் கழகங்களில் எத்தனை, 12 வயதுப் பிள்ளையைப் பதிகின்றன? நான் பொருளாளராக இருந்த கழகத்தில், முதலணிக்கு வரும் 18 அல்லது 19 வயதில்தான் லீக்குக்குப் பெயர் கொடுப்போம். அதற்கு முந்திய ஆறு ஆண்டுகளை, அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுத்த பந்தையும் வெயிலில் நின்ற மாலைகளையும், நாமே அழித்துவிடுகிறோம். இதை நான் பிறர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை, அந்தப் பேனா என் கையில் இருந்தது.

தெல்லிப்பழை ஆசிரியை எழுதியது:

கணக்கேடு அவர்களின் பதிவுக்கு நன்றி. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு உதைபந்தாட்டம் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் பாடசாலை. சம்பத்திரிசியார், இளவாலை புனித ஹென்றியரசர், மகாஜனா என்று பெயர்கள் நினைவுக்கு வருவது அதனால்தான். சம்மேளனத்தில் அங்கம் வகிக்காத பாடசாலைக்கு அந்த விதியின் கீழ்ப் பங்கு கிடையாது. மாலை மூன்றரைக்கு மணி அடித்தபின் மைதானத்தில் நிற்கிற விளையாட்டுத்துறை ஆசிரியரின் உழைப்பு எந்தத் தீர்வகத்தின் கணக்கிலும் வராது. ஆகவே பாடசாலையில் ஆடும் ஒவ்வொரு பிள்ளையும், அதே நேரத்தில் தன் ஊர்க் கழகத்தின் சிறுவர் அணியிலும் பதியப்பட வேண்டும். இதற்குப் பாடசாலையும் கழகமும் பேசிக்கொள்ள வேண்டும். தவணைப் பரீட்சைக் காலத்தில் பிள்ளையை யார் விடுவது என்ற சண்டையைத் தாண்டி இவை இரண்டும் பேசிக்கொண்டதை நான் அதிகம் கண்டதில்லை.

பெண் பிள்ளைகளின் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. நிலை கெட்டுவிட்டது, முன்பு நன்றாக இருந்தது என்று எழுதுகிறவர்கள் யாருடைய முன்பைச் சொல்கிறீர்கள்? 1920 டிசெம்பரில் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில் பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்துச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தத் தடை நின்றது. 2025 ஜூலையில் ஒலிவியா சிமித் லிவர்பூலிலிருந்து ஆர்சனலுக்குப் பத்து இலட்சம் பவுணுக்கு மாறினார். பெண்கள் ஆட்டத்தில் அந்தத் தொகையைத் தொட்ட முதல் மாற்றம் அது. எங்களுக்கு இது பொற்காலத்தின் தொடக்கம்.

ஆனாலும் இன்னொரு விதி இருக்கிறது. இளம் வீரர் முதற்தடவை தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போது அவரை வளர்த்த கழகங்களுக்குக் கொடுக்கவேண்டிய பயிற்சி இழப்பீடு, பெண்கள் ஆட்டத்துக்குப் பொருந்தாது என்று பீபா விதியிலேயே எழுதியிருக்கிறது. இழப்பீடு வைத்தால் பெண்களை ஒப்பந்தம் செய்யத் தயங்குவார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அது இன்றைக்கு நியாயமாக இருக்கலாம். ஆனால் கழகங்கள் பெண் பிள்ளைகளுக்கு அணி வைக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணத்தையும் அது கொடுக்கிறது. என் மாணவி ஒருத்தி மாகாண மட்டம் வரை ஆடினாள். உயர்தரம் முடித்த அடுத்த மாதம், அவள் ஆட ஊரில் ஒரு கழகம்கூட இல்லை. அவளுடைய பூட்ஸை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, கீழ் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுங்கள் டீச்சர் என்றாள். அது இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

நாவாந்துறை இளையவன் எழுதியது:

ஆசிரியை அவர்களே, கணக்கேடு அண்ணா, எனக்கு ஒரு கேள்வி. எனக்கு 12 வயதில் பதிவு இருந்திருந்தால், அந்தக் கொழும்புக் கழகம் என்னை அப்படி நடத்தியிருக்க முடியாதா?

கணக்கேடு எழுதியது:

தம்பி, பதிவு மட்டும் உங்களைக் காத்திருக்காது, எழுத்து ஒப்பந்தம் வேண்டும். பீபாவின் விதியில், எழுத்து மூல ஒப்பந்தமும் தன் செலவை விடக் கூடுதலான வருமானமும் உள்ளவரே தொழில்முறை வீரர். மற்ற அனைவரும் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள். ஆகவே சட்டத்தின் கண்ணில் நீங்கள் அங்கே தொழில்முறை வீரராக இருக்கவேயில்லை. ஆனால் நீங்கள் ஒரு கழகத்தில் பதியப்பட்டிருந்தால், கொழும்புக் கழகம் உங்களை ஆடவைக்க உங்கள் ஊர்க் கழகத்திடம் மாற்றம் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் உங்கள் தலைவரோ செயலாளரோ ஒப்பந்தத் தாளைக் காட்டு என்று கேட்டிருப்பார். நீங்கள் தனியாகப் பேருந்து ஏறியிருக்க மாட்டீர்கள்.

கரையோரத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கழகம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டுத் தொடங்கியவன் நான். சுவீடன்காரரின் வாக்கையும் போடோவின் கதையையும் வாசித்தபோது என் பக்கம் வென்றுவிட்டது என்று மகிழ்ந்தேன். தம்பியின் பதிவு அந்த மகிழ்ச்சியை நிறுத்தியது. கழகம் ஊருக்குச் சொந்தம் என்று பெருமை பேசுகிற நாங்கள், ஊர்ப் பிள்ளைக்கு நாங்கள் சொந்தம் என்று ஒரு தாளிலும் எழுதி வைக்கவில்லை. உரிமையாளர் சரியானவராக இருந்தால் போதும் என்று நான் நினைத்தது அரைவாசிதான் சரி.

நேற்றுப் பின்னேரம் செயலாளரிடம் சாவி வாங்கி, கழக அலுமாரியைத் திறந்தேன். 1995 இடப்பெயர்வுக்கு முந்திய ஏடு எதுவும் இல்லை, அது எதிர்பார்த்ததுதான். 2011 முதல் வரவு செலவுக் கொப்பிகள் ஒழுங்காக இருக்கின்றன: வலை, சுண்ணாம்பு, நடுவர் கட்டணம், மின்னொளி ஆட்டத்துக்கு ஜெனரேட்டர் வாடகை, தேநீர். 14 வயதுக்குட்பட்டோர் சுற்றுப்போட்டி ஒன்றின் அணிப் பட்டியலும் கிடைத்தது. அதில் பெயர்கள் இல்லை. சட்டை இலக்கங்களும், பக்கத்தில் வீட்டுப் பெயர்களும்தான் இருக்கின்றன: ஏழாம் இலக்கம், பெரியண்ணை வீட்டு நடுவில்; ஒன்பது, கிணற்றடியார் பேரன். எழுதியவரின் கையெழுத்து என்னுடையது.

அந்த ஒன்பதாம் இலக்கத்துக்கு இப்போது 22 வயது. அவனிடமும் மற்றப் பதின்மூன்று பேரிடமும் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறப்புச் சான்றிதழின் பிரதி ஆகியவற்றை வாங்கத் தொடங்கியிருக்கிறேன். கடந்துபோன ஆண்டுகளுக்கு அது செல்லுபடியாகுமா என்பதைக் கணக்கேடு அவர்கள் லீக் அலுவலகத்தில் விசாரித்துச் சொல்வதாகத் தனிமடலில் எழுதியிருக்கிறார். இந்த ஆண்டுக்கான சிறுவர் பதிவு ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கழகக் கொட்டிலில் தொடங்கும். ஆசிரியை அவர்கள் பெண் பிள்ளைகளையும் அனுப்பினால், அவர்களுக்கென்று தனிப் பக்கம் திறந்து வைத்திருக்கிறேன்.

தெல்லிப்பழை ஆசிரியை எழுதியது:

பதினொரு பேர் வருவார்கள். தந்தைமார் இருவருடன் நான் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. பூட்ஸையும் கொண்டுவருகிறேன்.